வேடந்தாங்கல் ஏரியில் யாருக்கு எவ்வளவு தண்ணீர்?

ஊரப்பாக்கத்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவருக்கு வேடந்தாங்கல் ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் பூர்வீக நிலம். நவரை நெல் கதிர் வாங்கும் மாசியில் மரமெல்லாம் பறவைக் குஞ்சுகள். மதகு திறக்க விடுவார்களா, சரணாலயம் என்றால் ஆயக்கட்டு உரிமை போய்விடுமா என்று கேட்டிருக்கிறார்.

தானாகப் போய்விடாது. அந்த ஏரிக்குப் பாதுகாப்பு வந்ததே விவசாயிகளால்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று ஊரார் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை தந்தார். பறவையைக் காப்பாற்றக் கேட்டவர்கள் தங்கள் தண்ணீரையும் சேர்த்தே காப்பாற்றிக்கொண்டார்கள். இதை இன்று இரு தரப்புமே மறந்துவிடுகிறது.

இப்போது சட்டம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, ஓர் உரிமை தொடர ஆட்சியர் அனுமதிக்கலாம். 29-வது பிரிவு கடுமையானது: சரணாலயத்துக்குள் வரும், வெளியே போகும் நீரை அனுமதியின்றித் திருப்பவோ நிறுத்தவோ கூடாது. 2022 திருத்தம் உள்ளூர் மக்களின் குடிநீருக்கும் வீட்டு உபயோகத்துக்கும் விலக்கு தந்தது. பாசனம் அந்த வரியில் இல்லை. ஆகவே ஏரியில் ஆயில் என்ஜின் வைப்பது, இரவில் மதகைத் தூக்குவது எல்லாம் வேண்டாம். ஆயக்கட்டுதாரர் எல்லோரும் சேர்ந்து, சிட்டா அடங்கல் நகலோடு செங்கல்பட்டில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க வேண்டும். தனி ஆள் மனு எடுபடாது. மதகு திறக்கும் நாட்களை நாற்று விடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

வயலிலும் செய்ய வேண்டியது உண்டு. கோ 51, ஆடுதுறை 43 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்களை மார்கழி தொடக்கத்தில் ஆயக்கட்டு முழுவதும் ஒன்றாக விதைத்தால், பங்குனி முற்பகுதியோடு தண்ணீர்த் தேவை முடியும். ஆளுக்கொரு நாளில் நட்டால் கடைசி வயலுக்காக மதகு திறந்தே கிடக்கும்; மரத்தடி நீர் வற்றி, குஞ்சுகளை நாயும் நரியும் எட்டும். நட்ட பயிர் வேர் பிடித்ததும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டலாம். பூக்கும் வாரத்தில் மட்டும் காய விடக் கூடாது.

யூரியாவை வழக்கமாகப் போடும் நாளில் போடாமல், இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, நிறம் 4-க்குக் குறைந்தால் மட்டும் போடவும். எச்ச நீர் பாயும் வயலில் தழைச்சத்து மிஞ்சினால் இலைச்சுருட்டுப் புழுவும் வரும், பயிரும் சாயும்.