சுமையை வண்டி சுமக்கட்டும்

மிதிவண்டியில் வெளியூர் சென்று ஓரிரவு தங்கித் திரும்பும் ஆர்வம் இளைஞரிடையே வளர்ந்து வருகிறது. அவர்களுள் பலர், பள்ளிக்குச் செல்வதைப் போலவே முதுகில் பையை மாட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். தொடக்கமே பிழை என்பேன். பை தோளை அழுத்துகிறது. வெயிலில் முதுகை நனைக்கிறது. உயரத்தில் அமர்ந்த அதன் எடை திருப்பங்களில் வண்டியைத் தள்ளாட வைக்கிறது. சுமக்க வேண்டியது வண்டி, ஓட்டுபவர் அல்லர்.

இதைக் கற்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மிதிவண்டியில் இளநீர் விற்பவரைப் பாருங்கள். குலைகள் பின்சக்கரத்தின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே எடையில் தாழத் தொங்கும். பழைய ட்யூபைக் கீற்றுகளாக அறுத்து இழுத்துக் கட்டியிருப்பார். வண்டி குலுங்கக் குலுங்கக் கயிறு தளரும். ரப்பரோ சுமையை இறுகப் பற்றும். கீற்றின் நுனியையும் உள்ளே செருகிவிடுவார். தொங்கும் நுனி ஆரக்கம்பியில் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும், ஆள் விழுவார். இன்று பயணிகள் விலைகொடுத்து வாங்கும் இருபக்கப் பைகள் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

எவற்றை எடுத்துச் செல்வது? 1884 ஏப்ரலில் தாமஸ் ஸ்டீவன்ஸ், முன்சக்கரம் மிகப் பெரிதான பழைய வகை மிதிவண்டியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். கடல்களைக் கப்பலில் கடந்து, 1886 டிசம்பரில் யோக்கோகாமாவில் உலகப் பயணத்தை முடித்தார். புறப்பட்டபோது அவருடைய பையில் காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு மழையங்கி, ஒரு கைத்துப்பாக்கி ஆகியவையே இருந்தன. மழையங்கியே கூடாரம், அதுவே படுக்கை. துப்பாக்கியை நாம் விட்டுவிடலாம். ஒரு பொருளை இருபணிக்குக் கொள்ளும் சிக்கனத்தை விடலாகாது. ஒரு வேட்டி இரவில் போர்வையாகும், காலையில் துவட்டும் துணியாகும். தேநீர்க் கடைகள் நிறைந்த நம் சாலைகளில் அடுப்பும் பாத்திரமும் வீண் சுமை.

ஆயினும், எடை குறைப்பதையே பெருமையாகக் கொண்டு காற்றடிக்கும் பம்பையும் பஞ்சர் ஒட்டும் பொருள்களையும் விளக்கையும் விட்டுச் செல்வோரை நான் ஏற்கமாட்டேன். ஆளரவமற்ற சாலையில் சக்கரம் காற்றிழந்தால் அந்தச் சில நூறு கிராம்களே துணை. உயர்ந்த மூட்டை பின்புறச் சிவப்பு விளக்கை மறைத்துவிடுவதும் உண்டு. விளக்கை மூட்டையின் வெளிப்புறத்தில் கட்ட வேண்டும்.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்கும் வண்டி, பிரேக் பிடித்தபின்னும் வழக்கத்தைவிடச் சற்றுத் தொலைவு ஓடியே நிற்கும். அந்த வேறுபாட்டை மலையில் முதன்முறையாக உணர்வது ஆபத்து. முதல்நாள் மாலையே மூட்டையைக் கட்டி, தெருவில் நான்கு சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்கோ ஒன்று கடகடக்கும். அதை இறக்கி மீண்டும் கட்டுங்கள்.