உதவி வணிகமா?

“பிறர்க்கு உதவுதல் மறைமுகமான தன்னலமே” எனக் கூறுவோர் உளர். கூர்ப்புக் கொள்கையையே அவர்கள் தமக்குச் சான்றாகக் காட்டுவர். இஃது அறிவியலின் பெயரால் எழுந்த மயக்கமேயாகும்.

இரத்த உறவினருக்குச் செய்யும் உதவி, இருவருக்கும் பொதுவான பரம்பரையலகுகள் நிலைக்கத் துணைபுரியும் என 1964இல் ஹமில்ற்றன் கணித முறையில் விளக்கினார். உறவற்றோரிடையேயும், கைம்மாறு கிடைக்கும் வாய்ப்பிருப்பின், உதவும் இயல்பு நிலைபெறலாம் என 1971இல் றிவேர்ஸ் காட்டினார். இவை மறுத்தற்குரியன அல்ல. ஆயின் அவற்றிலிருந்து மேற்கூறிய முடிவு பெறப்படுமா?

1983 யூலை 26ஆம் நாள் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. அக்கலவர நாட்களில் கண்டியிலும் பிற ஊர்களிலும் சிங்களக் குடும்பங்கள் பல தமிழரைத் தம் இல்லங்களில் மறைத்துவைத்துக் காத்தன. அவர்கள் உறவினரல்லர். உடைமையனைத்தும் இழந்து நின்றோரிடம் எக்கைம்மாற்றை எதிர்பார்த்தனர்? நற்பெயரை நாடினர் எனின், மறைவிற் செய்த உதவிக்கு நற்பெயர் ஏது? வெளிப்பட்டிருப்பின் இனத்துரோகி என்ற வசையும் காடையரின் தீயுமே கிட்டியிருக்கும்.

ஓர் இயல்பு தோன்றிய காரணம் வேறு. அவ்வியல்புடையோர் செயற்படும் நோக்கம் வேறு. தாயன்பு கூர்ப்பின் விளைவே. அதனாற் பாலூட்டும் தாய் பரம்பரையலகைக் கணக்கிடுகிறாள் என்பார் உளரோ? சிறு கூட்டங்களாக வாழ்ந்த முன்னோரிடம் வேரூன்றிய இரக்கம் அயலான் துயர்கண்டும் கசிகின்றது. 1981இல் உளவியலாளர் பற்சனும் துணைவரும் நடத்திய பரிசோதனை இதற்கு அரண் செய்யும். மின்னதிர்ச்சி பெறுவதாகக் காட்டப்பட்ட பெண்மீது இரக்கம் மிக்கோருட் பெரும்பாலோர், எளிதில் விலகிச்செல்ல வழியிருந்தும், அவளிடத்தைத் தாம் ஏற்க முன்வந்தனர்.

அன்று கதவடைத்தோரும் இருந்தனர். அச்சமும் இரக்கமும் கூர்ப்பு அனைவர்க்கும் அளித்தவை. ‘நம்மவர்’ யாவர் என்பதையோ வீடும் பள்ளியும் அரசியலுமே கற்பிக்கின்றன. 2018 மார்ச்சில் திகனப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டமை, அக்கல்வி இன்னும் நிறைவுறவில்லை என்பதையே உணர்த்துகின்றது. மனிதன் இயல்பிலேயே தன்னலவாதி என்போர் கதவடைத்தோருக்கு மன்னிப்புச் சீட்டு எழுதுகின்றனர். திறந்தோரையோ வணிகராக்கி இழிவுசெய்கின்றனர்.