கேட்கிறது, பேச முடியவில்லை

மடிக்கணினியில் ஹெட்செட்டைச் செருகியதும் மறுமுனையில் பேசுபவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. நம் குரலோ அவருக்கு எட்டுவதில்லை. கடல்கடந்து வாழும் மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய்க்கு இது சிறு துன்பமன்று.

கடைக்கு ஓடுமுன் செருகியின் 3.5 மில்லிமீற்றர் முனையை உற்று நோக்குங்கள். உலோகத்தைப் பிரிக்கும் வளையக் கோடுகள் இரண்டாயின், அது கேட்பதற்கு மட்டுமே உரியது. மூன்றாயின் மைக்குக்கும் வழியுண்டு. ஆயினும் பழைய கணினிகள் பலவற்றில் கேட்பதற்கொன்று, பேசுவதற்கொன்று என இரு துளைகள் உள. அங்கே இச்செருகியை இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்புக் கம்பி வேண்டும். புதிய ஹெட்செட் வாங்குவது வீண் செலவே.

செருகியிற் குறையில்லையெனின், விண்டோஸ் அமைப்புகளில் ஒலிப் பகுதியைத் திறந்து, உள்ளீடாக ஹெட்செட்டின் மைக் தெரிவாகியுள்ளதா எனப் பாருங்கள். தனியுரிமைப் பகுதியில் மைக்குக்கு அனுமதி மறுக்கப்பட்டிருத்தலும் கூடும். இவற்றுக்கெல்லாம் முன், அழைப்புத் திரையிலுள்ள மைக் படத்தின்மேல் குறுக்குக் கோடு கிடக்கிறதா? கற்றோர் இல்லங்களிலும் பல வேளைகளிற் கள்வன் அவனே!