பூட்டிய வீடுகளைத் தேடி வந்த விமானப் பயணி: கேரளத் திருட்டுகளில் தோற்பது பூட்டு மட்டுமா?

திருவனந்தபுரம்: தெலங்கானா மாநிலம் கம்மம் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மாநகரக் காவல்துறையினர் கைது செய்தனர். விமானத்தில் வந்து திருடிவிட்டு விமானத்திலேயே ஊர் திரும்புபவர் என்பதால் இச்செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனால் வழக்கின் முக்கியமான பகுதி விமானப் பயணம் அன்று. பகல் வேளையில் அவர் ஆட்டோவில் ஏறி, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவரைப் போல நகரை வலம் வந்துள்ளார். அப்போது பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, இரவில் அவற்றுக்குத் திரும்பியுள்ளார். பணத்தையோ பொருட்களையோ நாடாமல் தங்க நகைகளை மட்டும் எடுத்துச் சென்றதாகக் காவல்துறை தெரிவித்தது.

அதாவது, வீட்டுக்காரர் பாதுகாப்புக்காக வாசலில் தொங்கவிட்ட பூட்டுதான் 'இங்கே யாரும் இல்லை' என்ற தகவலை அந்நியர் ஒருவருக்கு அளித்திருக்கிறது.

மலையாளச் செய்திகளைத் தமிழாக்கும்போது அன்றாடம் எதிர்ப்படும் ஒரு சொல் வேறுபாட்டை இங்கே குறிப்பிடலாம். தமிழ்ச் செய்திகளில் 'வீட்டின் பூட்டை உடைத்து நகை திருட்டு' என்பது மாறாத தலைப்பு. மலையாளத்திலோ வீட்டைக் 'குத்தித் திறந்து' கவர்ந்தனர் என்றே எழுதுவார்கள். அதில் பூட்டு என்ற சொல்லே வராது. நம் மொழியின் பழைய வழக்கும் அப்படித்தான் இருந்தது. சுவரில் துளையிட்டு நுழைவதற்குக் 'கன்னம் வைத்தல்' என்றும், அதற்குரிய கருவிக்குக் 'கன்னக்கோல்' என்றும் பெயர். அந்தத் திருடனுக்குக் கதவே தேவைப்படவில்லை.

சட்டமும் இதை அறிந்தே இருந்தது. வீட்டை உடைத்து நுழைதல் என்பதற்கு 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 445ஆவது பிரிவில் ஆறு வழிகளைச் சொன்னது. பூட்டைத் திறப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. சுவரில் ஓட்டை போடுவது, சன்னல் வழியாக நுழைவது, கதவிலுள்ள துளை வழியே கம்பியை விட்டுத் தாழ்ப்பாளை நெம்புவது, வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறப்பது ஆகியவை அப்பிரிவின் விளக்கக் காட்டுகளில் இடம்பெற்றிருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 330ஆவது பிரிவாகத் தொடர்கிறது. நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பட்டியலில் திருத்த வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

பூட்டு வாங்கித் தருவது நேரமே

திறக்கவே இயலாத பூட்டு என்ற நம்பிக்கை 1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியின்போது தகர்ந்தது. ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், பிரிட்டனின் பெருமையாகக் கருதப்பட்ட சப் நிறுவனப் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்த பிராமா பூட்டுக்கு அவர் 16 நாட்களில் 51 மணி நேரம் செலவிட்டார்; அதுவும் திறந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது திறக்க ஆன நேரம் மட்டுமே.

இன்றைய திருடர் 51 மணி நேரம் உட்காருவதில்லை. பூட்டின் உட்பொறியோடு போராடுவதும் அரிது. தொங்கு பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும், அது மாட்டப்பட்டுள்ள கொண்டியும் நாதாங்கியும் சிறு திருகாணிகளால் மரத்தோடு பிணைக்கப்பட்டவை. கடப்பாரையின் முனை அந்த இடுக்கில் நுழைந்தால், பூட்டு பூட்டியபடியே இருக்க, நாதாங்கி மரத்தோடு பெயர்ந்து வரும். கதவுக்குள் பதிக்கும் பூட்டிலும் நாக்கு எவ்வளவு உறுதியானதாயினும், அதை ஏற்கும் நிலைச்சட்டம் உளுத்திருந்தால் பயனில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைவினையின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் அதை மாட்டும் மரத்துக்கு யாரும் சான்று தருவதில்லை.

கேரள வீடுகளின் அமைப்பு இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. முன்வாசலில் தேக்குக் கதவும் பித்தளைப் பிடியும் இருக்கும். பின்புறம் சமையலறையை ஒட்டிய வேலைப்பகுதியின் கதவு பெரும்பாலும் மெல்லியது. மரங்களும் மதிலும் அதைத் தெருவின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றன. மண்வெட்டி, கடப்பாரை, ஏணி போன்றவற்றை வெளியே போட்டு வைக்க வேண்டாம் என்று கேரளக் காவல்துறை ஒவ்வொரு மழைக்காலத்திலும் அறிவுறுத்துவதற்குக் காரணம் உண்டு. திருடர் தம்முடன் கருவி கொண்டு வரத் தேவையில்லை. தோட்டத்துக் கொட்டகையிலேயே அது கிடைத்துவிடும். அடைமழையின் இரைச்சலில் மரம் பிளக்கும் ஒலி அடுத்த வீட்டுக்குக் கேட்பதுமில்லை.

கேமராவும் எச்சரிக்கை மணியும் இருந்த வீடு

விலையுயர்ந்த மின்னணு ஏற்பாடுகள் தீர்வாகுமா என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே விடை உண்டு. 2013 ஜனவரியில், 'பண்டி சோர்' என்று அறியப்படும் தேவிந்தர் சிங், நவீனப் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்த ஒரு வெளிநாடுவாழ் இந்தியரின் வீட்டில் புகுந்து, சொகுசுக் கார் உள்ளிட்டவற்றை எடுத்துச் சென்றார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான உருவம் அவரை அடையாளம் காண உதவியது; சில நாட்களில் புனேயில் பிடிபட்டார். 2017இல் திருவனந்தபுரம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. கேமரா தன் பணியைச் செய்தது என்பது உண்மை. எனினும் அது செய்தது துப்புத் துலக்கும் பணி. தடுக்கும் பணி அன்று.

இதே நகரில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சென்ற குழு, 2011இல் 'பி' நிலவறையின் உள்கதவைத் திறக்க இயலாமல் திரும்பியது. ஆனால் அந்தக் கதவைச் சுற்றிக் கருங்கல் சுவரும் காவலர்களும் நாள்தோறும் பக்தர் கூட்டமும் உள்ளன. வீடுகளுக்கு அந்த வசதி இல்லை.

கீறல் இல்லாவிட்டால் இழப்பீடும் இல்லை

பலரும் அறியாத இடர் ஒன்று காப்பீட்டில் உள்ளது. திருட்டுக் காப்பீட்டுப் பத்திரங்கள் பொதுவாக 'வலுக்கட்டாயமாகவும் வன்முறையாகவும் உட்புகுந்து' நடந்த திருட்டுக்கே இழப்பீடு தரும் வகையில் எழுதப்படுகின்றன. யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இந்த வரையறையை அப்படியே ஏற்றது. பலப்பிரயோகம் இன்றி நடந்த திருட்டுக்கு அத்தகைய பத்திரத்தின் கீழ் நிறுவனம் பொறுப்பாகாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே, பூந்தொட்டியின் அடியில் வைத்த சாவியை எடுத்தோ கள்ளச்சாவி கொண்டோ கதவைத் திறந்து நகையைக் கொண்டு போனால், உடைந்த கதவைக் காட்ட முடியாத குடும்பம் இருமுறை இழக்கிறது. 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடும் தீ, வெள்ளம் போன்ற நிகழ்வைத் தொடர்ந்து ஏழு நாட்களுக்குள் நிகழும் திருட்டையே கணக்கில் கொள்கிறது. பூட்டிய வீட்டில் நடக்கும் திருட்டுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும்.

மகளின் திருமணத்துக்குச் சேர்த்த நகை பீரோவில் இருக்கும் குடும்பங்கள், புதிய பூட்டு வாங்குமுன் பத்திரத்தின் இந்த வரியைப் படித்துப் பார்ப்பது நல்லது.

யார் பார்த்துக்கொள்வது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் ஆளின்றி இருந்தன. வளைகுடா நாடுகளில் உழைத்துக் கட்டிய வீட்டில் ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் வாழும் குடும்பங்கள் இங்கு ஏராளம். பூட்டு வாங்கித் தரும் சில நிமிடங்களுக்குள் யாரேனும் வந்து பார்த்தால்தான் அந்த நிமிடங்களுக்கு மதிப்பு. ஆளில்லாத வீட்டில் திருடருக்கு ஓர் இரவு முழுவதும் கிடைக்கிறது.

கேரளக் காவல்துறையின் 'போல்-ஆப்' செயலியில் வெளியூர் செல்வோர் தம் வீட்டு விவரத்தைப் பதிவு செய்தால், அப்பகுதியில் காவல்துறை கண்காணிப்பு மேற்கொள்ளும். வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பதைத் திருடருக்குப் பதிலாகக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு இது, பயனுள்ளதும்கூட. ஆனால் அதிகபட்சம் 14 நாட்களுக்கே இந்த வசதி. கோயில் பயணத்துக்கும் ஓணம் விடுமுறைக்கும் அது போதும். பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, இறுதியில் அக்கம்பக்கத்தாரின் கண்களையே நம்ப வேண்டியுள்ளது.

அந்த நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. கண்ணூர் மாவட்டம் வளபட்டணத்தில் 2024 நவம்பரில், அரிசி வணிகர் ஒருவரின் குடும்பம் திருமணத்துக்காக மதுரை சென்றிருந்தபோது, சன்னல் கம்பி அகற்றப்பட்டு ஒரு கோடி ரூபாய்க்கும் அதிகமான பணமும் 250 பவுனுக்கும் மேற்பட்ட நகையும் திருடப்பட்டன. வாசல் பூட்டை யாரும் தொடவில்லை. சில நாட்களில் கைதானவர், வெல்டிங் தொழில் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர். பணமும் நகையும் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், அவரே அமைத்திருந்த இரகசிய அறையிலிருந்து மீட்கப்பட்டன.