‘பயப்படாதே’ என்னாதீர்

நோயாளியின் கட்டிலருகே நின்று நாம் சொல்லும் சொற்களுள் மிக மலிவானது ‘பயப்படாதே’ என்பது. செலவில்லாத சொல், சிந்தனை வேண்டாத சொல். நான்கு சாத்துக்குடியை மேசைமேல் வைக்கிறோம். அவற்றோடு இச்சொல்லையும் வைக்கிறோம். விடுதியில் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் திரும்பிவிடுகிறோம். கட்டிலில் கிடப்பவனுக்கு அதுவரை அச்சம் ஒன்றுதான் இருந்தது. இப்போது, ‘இதற்குப் போய் அஞ்சுகிறோமே’ என்ற நாணமும் சேர்ந்துகொள்கிறது.

அறுவைக்கு முன் அஞ்சுவது நோயன்று, கோழைத்தனமும் அன்று. நம் உடலைப் பிறர் கையில் ஒப்படைக்கப் போகிறோம் என்பதை உள்ளம் உணர்ந்துகொண்டதன் அடையாளம் அது. அந்த அச்சத்தின் வாயை அடைப்பதைவிட, ‘நீ எதற்கு அஞ்சுகிறாய்?’ என்று அதனையே கேட்டு, எழும் கேள்விகளுக்கு விடை தேடித் தருவதே உதவி என்பது என் கருத்து. மறுப்பவர்கள் அடுத்த இதழில் மறுக்கலாம்.

ஒரு காலத்தில் நோயாளியிடம் எதையும் சொல்லாமல் இருப்பதே இரக்கமாக இருந்தது. ஆங்கில நாவலாசிரியை ஃபானி பர்னி 1811ஆம் ஆண்டில் பாரிஸில் மார்பகத்தை அறுத்தெடுக்கும் சிகிச்சைக்கு உட்பட்டார். மயக்க மருந்து என்பதே இல்லாத நாள். முன்கூட்டிச் சொன்னால் கலங்குவார் என்று கருதி, சில மணி நேரத்திற்கு முன்புதான் அவருக்குச் செய்தி அனுப்பினார்கள். அந்த மருத்துவர்களை நான் குறைகூற மாட்டேன். சொல்வதற்கு நல்ல செய்தி ஒன்றும் அவர்களிடம் இல்லையே! 1845இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மெஸ்மரிச முறையால் நோயாளிகளை உணர்விழக்கச் செய்து பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார்; மறு ஆண்டே அதற்கெனக் கல்கத்தாவில் மருத்துவமனையும் ஏற்பட்டது. வலிக்கு அஞ்சிய மக்கள் எதைப் பற்றிக்கொள்ளவும் ஆயத்தமாக இருந்தனர் என்பதற்கு இது சான்று. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதரைக் கொடுத்து வலியில்லா அறுவையை எல்லோரும் காணச் செய்தார். அதன்பின் மெஸ்மரிசம் மறைந்தது. அச்சம் மறையவில்லை. கத்தியை விட்டு உறக்கத்தின்மேல் தாவி உட்கார்ந்துகொண்டது. இன்று நம்மிடம் ‘வலிக்குமா?’ என்பதைவிட ‘கண் விழிப்பேனா?’ என்ற கேள்வியே பெரிதாக இருக்கிறது.

என் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்ற குளிர்காலத்தில் இத் தில்லி மாநகரத்து மருத்துவமனை ஒன்றில் எனக்குக் குடலிறக்கத்திற்கான அறுவை நடந்தது. நாள் குறித்தார்கள், பணம் கட்டச் சொன்னார்கள், இரத்தம் எடுத்தார்கள். எப்படிச் செய்வார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று இரவு நான் ‘கண் விழிப்பேனா?’ என்று எண்ணிப் புரண்டேன். முன்னாள் மாலையில் மயக்க மருந்து கொடுக்கும் அம்மையார் வந்தார். “உன்னைத் தூங்கவைக்கப் போவதில்லை, தம்பி! முதுகில் ஓர் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், நீ விழித்துக்கொண்டுதான் இருப்பாய்” என்று இந்தியில் சொன்னார். எனக்கு வரப்போகாத உறக்கத்திற்காக மூன்று இரவு உறக்கத்தை இழந்திருக்கிறேன்! பிறகு அவரிடமே கேட்டேன்: கத்தி படுவது தெரியுமா? “தொடுவதும் இழுப்பதும் தெரியலாம்; வலி தெரியாது. சில மணி நேரம் கால் உன் சொல் கேட்காது, பிறகு கேட்கும்.” மறுநாள் மேசையில் படுத்திருந்தபோது அடிவயிற்றில் ஏதோ இழுபட்டது. இது அவர் சொன்ன இழுப்பு என்று தெரிந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் மரப்பு போய்விட்டது என்று அலறியிருப்பேன்.

இது தனியொருவன் கதையென்று தள்ளுவோர்க்கு ஓர் ஆய்வைக் காட்டுகிறேன். மார்ட்டன் ஈதர் கொடுத்த அதே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், எக்பர்ட் என்பவரும் அவர் தோழர்களும் 1964இல் வெளியிட்டது. வயிற்றில் அறுவை செய்துகொள்ளும் 97 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு, அறுவைக்குப் பின் எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், எப்படித் திரும்பிப் படுக்க வேண்டும் என்பனவற்றை முன்னமே விளக்கினர். மற்றப் பிரிவுக்கு இவ்விளக்கம் இல்லை. விளக்கம் பெற்றவர்களுக்கு வலிமருந்து ஏறத்தாழப் பாதியே தேவைப்பட்டது. யார் எந்தப் பிரிவு என்று அறியாத அறுவை மருத்துவர்கள், விளக்கம் பெற்றவர்களைச் சராசரி 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினர். சொல்லுக்கு மருந்தின் ஆற்றல் உண்டு என்று மேடையில் முழங்குகிறோமே, அளந்து காட்டியவர்கள் இவர்கள்.

முழு மயக்கம் பெறுவோரின் அச்சத்துக்கும் விடை உண்டு. வசதி நிறைந்த நாடுகளில், வேறு நோயில்லாத ஒருவர் மயக்க மருந்தினாலேயே இறப்பது ஏறத்தாழ லட்சத்தில் ஒன்று என்பர். இடையில் விழிப்பு வருமோ என்று அஞ்சுவோர்க்கு: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாறு விழித்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். அவர்களிலும் பலருக்கு அது நேர்ந்தது உறங்கத் தொடங்கும்போதோ உறக்கம் தெளியும்போதோதான். இயற்பியல் மாணவன் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல ஆசை. விரலில் மாட்டுகிறார்களே ஒரு கவ்வி, அது சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. இரத்தம் இரண்டையும் எவ்வளவு விழுங்குகிறது என்பதைக் கொண்டு அதில் உயிர்வளி போதுமா என்று கணிக்கிறது. 1974இல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயகி வெளியிட்ட கருத்து அது. உயிர்வளி குறைந்தால் அதன் ஒலியின் சுருதி இறங்கும். நான் விழித்திருந்ததால் அந்த ஒலியை முழுவதும் கேட்டேன். அதைவிட இனிய இசையை அண்மையில் கேட்டதில்லை.

எதையும் அறிய விரும்பாதவர்களும் உண்டு. ‘முடிந்தபின் எழுப்புங்கள், போதும்’ என்பார்கள். அவர்களுக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டா. ஆனால், வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களும் அறிந்தாக வேண்டும். பொதுவாக உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். மருத்துவர் குறித்ததே முடிவு. பால் கலந்த காபி நம்மவர்க்கு உணவாகத் தோன்றாது. வயிற்றுக்கோ அது உணவுதான். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே கேடு. குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி நம்மவர்க்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஊரிலிருந்து யாராவது வருவதென்றால் இரண்டு இரவு ரயில். ஆகவே பலர் வீட்டுக்குச் சொல்லுவதில்லை. ‘முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம், அம்மா பயப்படுவார்கள்’ என்கிறார்கள். பர்னியின் மருத்துவர்கள் செய்ததைத் தாயாருக்குச் செய்கிறோம். நான் சொன்னேன். அம்மா பத்து நிமிடம் அழுதார்கள், பிறகு, “காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாதாமே, யாரடா நினைவுபடுத்துவார்?” என்று கேட்டார்கள். அழுகை முடிந்து வேலை தொடங்கிவிட்டது. மறைத்திருந்தால் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திராது.

மொழிச் சிக்கல் இதனினும் பெரிது. நம் தோழர் ஒருவர், மறுநாள் அறுவை என்ற நிலையில், “வயிற்றைக் கலக்குகிறது” என்பதைச் சொல்லுக்குச் சொல் இந்தியாக்கிச் செவிலியிடம் சொல்லிவிட்டார். பேதி என்று குறித்துக்கொண்டார்கள், மருந்தும் கொடுத்தார்கள். கேட்டவர்கள் சிரித்தோம். ஆனால், அன்றிரவு அவருடைய அச்சத்தைக் கேட்க அந்த வார்டில் ஒருவரும் இல்லை என்பது சிரிப்புக்குரியதன்று. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவரும் அவரேதான்; எதற்கு ஒப்பினார் என்பதை ஐயமின்றி அறிந்தாரா?

நம் சங்கம் பொங்கல் கொண்டாடுகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, கோலப்போட்டியும் உண்டு. நன்று. அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் இரண்டு பெயர்களை எழுதி வைக்க முடியாதா? தமிழ் மாணவர் யாருக்கு அறுவை என்றாலும் அவ்விருவருள் ஒருவர் முன்னாள் மாலையே செல்ல வேண்டும். மயக்க மருந்து மருத்துவர் வரும் வேளையில் உடனிருந்து, நண்பர் கேட்க விரும்புவதைக் கேட்டு, விடையைத் தமிழில் சொல்ல வேண்டும். படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும். அறுவை முடிந்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். சாத்துக்குடி விருப்பம்போல.

ஒரு பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். என் இந்தி சுமார்தான். ஆனால், வயிற்றைக் கலக்கினால் ‘கப்ராஹட்’ என்று சொல்ல வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.