சுட மறுத்த சிப்பாயும் தேசத்தின் மரியாதையும்

போர்க்களத்தில் மாண்ட சிப்பாய்க்குத் தூண் நாட்டி மலர்வளையம் சாத்தும் ஒரு தேசம், அநியாயமான கட்டளைக்குப் பணிய மறுத்துச் சிறை புகுந்த சிப்பாயையும் அதே வரிசையில் வைத்து எண்ணலாமா என்று கேட்டால், எண்ணத்தான் வேண்டும் என்பதே எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

1930 ஏப்ரல் 23ஆம் தேதி, கான் அப்துல் கபார் கான் கைதானதைக் கண்டித்துப் பெஷாவரின் கிஸ்ஸா கானி கடைவீதியில் திரண்ட நிராயுதபாணிகளான பட்டாணியர்மீது கவச மோட்டார்கள் பாய்ந்தன, துப்பாக்கிகள் வெடித்தன, பலர் மாண்டனர். அந்தக் கொந்தளிப்பிலே, ஹவில்தார் சந்திர சிங்கின் சொல்லுக்குச் செவிசாய்த்து, ராயல் கார்வால் ரைபிள்ஸைச் சேர்ந்த இரண்டு பிளட்டூன்கள் சுட மறுத்துவிட்டன. இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட இடமில்லை. 'ராயல்' என்ற பட்டமே முதல் உலகப் போரில் அப்படை காட்டிய பராக்கிரமத்துக்குக் கிடைத்தது, சந்திர சிங்கும் பிரான்ஸிலும் மெசபொடேமியாவிலும் போரிட்டு மீண்டவர். ஹிந்துக்களான மலைநாட்டார் முகம்மதிய ஜனங்களைச் சுடமாட்டோம் என்று நின்றது, பேதத்தை நம்பி ராஜ்யபாரம் நடத்தியவர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும்! ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

எமது கருத்துக்குப் பலமான ஆட்சேபம் அந்நியரிடமிருந்து வரவில்லை, காந்தியடிகளிடமிருந்தே வந்தது. 1931ஆம் வருஷத்து காந்தி–இர்வின் ஒப்பந்தம், கட்டளை மீறிய சிப்பாய்களை விடுதலைக்குரியோர் கூட்டத்தில் சேர்க்கவில்லை. பிரதிக்ஞை செய்து படையில் சேர்ந்தவன் கீழ்ப்படியாமற்போவதை நாம் இன்று போற்றினால், நாளை சுயராஜ்ய சர்க்காரின் படையும் அவ்விதமே செய்யும் என்று அவர் அஞ்சினார். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. இஷ்டப்பட்ட உத்தரவை மட்டும் ஏற்கும் படை எந்த ஜனங்களுக்கும் ரக்ஷையாகாது. ஆயினும், கார்வாலிகள் எந்த அதிகாரியின்மீதும் துப்பாக்கியைத் திருப்பவில்லை. ஒழுங்கை மீறியதற்கான விலையைச் சிறையில் பைசா பாக்கியின்றிச் செலுத்தினர். தண்டனை ஒழுங்கின் கணக்கைத் தீர்த்துவிட்டது; மரியாதையின் கணக்கு இன்னும் தீரவில்லை. நிராயுதபாணிகளைக் கொல்லும்படி இட்ட கட்டளைக்கு மட்டுமே இதைச் சொல்கிறோம். எல்லாக் கட்டளைக்கும் இதை நீட்ட எமக்குச் சம்மதமில்லை.

1941இல் விடுதலையாகி 1979இல் மறைந்த சந்திர சிங்குக்கு 1994இல் தபால் தலை வெளியிட்டார்கள், மகிழ்ச்சியே. அவரோடு தண்டனை பெற்ற மற்றவர்களின் பெயர்களையும் தேசியப் போர் நினைவகத்தில் பொறிக்கவும், பெஷாவர் சம்பவத்தைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கவும் மத்திய அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.