தந்தையின் கடைசி நிமிடங்கள் யாரிடம் இருக்கின்றன?

2009 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை இரவு. கொழும்பில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு நகரம் இருளில் மூழ்கியது. தேடுவிளக்குகள் வானத்தைத் துழாவின. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இடைவிடாது முழங்கின. பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமையில் இருந்த நாங்கள் முதற்பக்கத்தை அவசரமாக மாற்றியமைத்தோம். வன்னியிலிருந்து வந்த விடுதலைப் புலிகளின் இரு சிறு விமானங்களில் ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் வீழ்ந்தது. மற்றையது கட்டுநாயக்கப் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. கட்டடத்திலும் உயிரிழப்பு ஏற்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். விமானிகள் இருவரும் மாண்டனர். கேணல் ரூபன், லெப்டினன்ட் கேணல் சிரித்திரன் என அவர்களின் இயக்கப் பெயர்களைப் புலிகள் வெளியிட்டனர்.

அன்று நான் எழுதிய செய்தியில் எண்ணிக்கைகள் சரியாக இருந்தன. விமானத்தின் வகையும் வந்த திசையும் இருந்தன. இறந்த ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு இருந்திருக்கும், அங்கே அவர்களுக்கு வேறு பெயர்கள் வழங்கியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு அப்போது எழவில்லை. செய்தியாளனுக்கு இரவு நேரத்தில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆனால் பிற்பாடும் அதைப்பற்றி நான் எழுதவில்லை என்பதே இன்று என்னை உறுத்துகிறது.

போர் விமானி ஒருவரைத் தந்தையாகக் கொண்ட குடும்பம் அவரை எப்படி நினைவுகூர வேண்டும் என்ற கேள்வி வன்னியைப் பொறுத்தவரை எளிதானதன்று. வன்னி மக்கள் விமானத்தைத் தரையிலிருந்து அறிந்தவர்கள். இஸ்ரேலில் வாங்கப்பட்ட கிபிர் விமானங்கள் 1996இல் இலங்கை விமானப்படையில் சேர்ந்த பின்னர், வேகமாக வந்து குண்டு போடும் எதற்கும் ‘கிபிர்’ என்பதே பெயராயிற்று. வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர். வண்டின் இரைச்சல் கேட்டால் கிபிர் வரக்கூடும் என்று பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கிய தாய்மார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 1999 செப்டெம்பர் 15இல் புதுக்குடியிருப்பு மந்துவில் சந்தைப் பகுதியில் குண்டுகள் வீழ்ந்து பொதுமக்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் மாணவிகள் கொல்லப்பட்டனர். அந்தத் தாய்மாரிடம் போய், “அந்த விமானிக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருந்திருக்கும்” என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் உறவினரை இழந்தவர்களிடமும் அவ்வாறு சொல்ல இயலாது.

ஆயினும் அது உண்மை. ஒரு வீட்டின் வானத்தில் மரணமாக வந்தவன் இன்னொரு வீட்டில் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருந்திருக்கிறான். தாத்தா என்றால் சிங்களத்தில் தந்தை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அவன் பறந்தது சரியா தவறா என்பதை வரலாறும் சட்டமும் தீர்மானிக்கட்டும். பிள்ளையின் நினைவு அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

விமானியின் மரணத்துக்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. தரைப்படை வீரன் வீழ்ந்தால் பக்கத்தில் தோழன் ஒருவனாவது இருக்கக்கூடும். விமானியோ பெரும்பாலும் எதிரியின் மண்ணிலோ கடலிலோ வீழ்கிறான். அவனுடைய இறுதி நிமிடங்களைக் கண்டவர்கள் எதிர்த்தரப்பினர் மட்டுமே. அவன் எப்படி இறந்தான், எங்கே புதைக்கப்பட்டான் என்ற விபரங்கள் குடும்பத்திடமோ அவனை அனுப்பிய படையிடமோ இருப்பதில்லை. அவை எதிரியிடம் இருக்கின்றன.

இதற்கு நமது பிராந்தியத்திலேயே ஒரு சான்று உண்டு. 1965ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தான் போரின்போது, செப்டெம்பர் 7இல் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கச் சென்ற இந்திய விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. அதை ஓட்டியவர் குடகு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யா. ‘காணாமற்போனவர்’ என்று பதிவாயிற்று. மனைவி சுந்தரியும் இரு பெண் குழந்தைகளும் அந்த ஒரு சொல்லுடன் விடப்பட்டனர். என்ன நடந்தது என்பதை இந்திய விமானப்படை அறிந்திருக்கவில்லை. 1979இல் ஜோன் ஃபிரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் பாகிஸ்தான் விமானப்படையின் போர்க்கதையை நூலாக எழுதியபோதுதான் விடயம் வெளியே வந்தது. தன்னைத் துரத்திய ஸ்டார்ஃபைட்டர் விமானத்தால் சுடப்பட்ட பிறகும் மிஸ்ரேர் விமானமொன்று திரும்பி நின்று போரிட்டு அதனை வீழ்த்தியது என்றும், பாகிஸ்தான் விமானி குதித்து உயிர்தப்பினார் என்றும் தெரியவந்தது. இந்தியத் தரப்பு தன் குறிப்புகளுடன் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த மிஸ்ரேரை ஓட்டியவர் தேவய்யாவே என்று முடிவு செய்தது. 1988இல், இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, அவருக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது, சுந்தரி பெற்றுக்கொண்டார். தேவய்யாவின் உடலை அவ்வூர்க் கிராமத்தவர்களே அடக்கம் செய்தனர் என்பதைப் பின்னர் பாகிஸ்தான் விமானப்படையின் முன்னாள் அதிகாரி கைசர் துஃபைல் எழுதினார்.

இந்த நிகழ்வில் எனக்கு விருது பெரிதாகத் தோன்றவில்லை. கணவரின் முடிவை அந்தப் பெண்மணி அறிந்தது எதிரியின் குறிப்பேட்டிலிருந்து என்பதே பெரிது. அந்தக் குறிப்பேடு திறக்கப்படாமல் இருந்திருந்தால், அக்குடும்பம் காணாமற்போனவர் என்ற சொல்லுடனேயே முடிந்திருக்கும்.

வன்னியில் அவ்வாறான ஏடுகள் இன்றுவரை திறக்கப்படவில்லை. புலிகளின் விமானங்கள் பயன்படுத்திய இரணைமடுவில் இன்று விமானப்படைத் தளம் இருக்கிறது. புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் வெற்றிச் சின்னங்கள் எழுந்துள்ளன. கனகபுரம் உள்ளிட்ட துயிலும் இல்லங்கள் போருக்குப் பின் இடித்து நிரவப்பட்டன. கனகபுரத்தில் உறவினர்கள் மீண்டும் வெளிப்படையாக விளக்கேற்ற 2016 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. 2020இல் மறுபடியும் நீதிமன்றத் தடையுத்தரவுகள் வந்தன. கொழும்புத் தாக்குதல் நடந்து சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து, 2017 பெப்ரவரி 20இல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். திகதிகளின் ஒற்றுமை தற்செயலானது. ஆனால் அவர்கள் கேட்டதும் இதே விபரத்தைத்தான்: என் மகனை, என் கணவரைக் கடைசியாகக் கண்டவர் யார்?

தெற்கிலும் இக்கேள்வி உண்டு என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். களத்தில் காணாமற்போன அரச படையினரின் தொகை ஐயாயிரம் அளவில் கூறப்படுகிறது. அவர்களுள் பலரின் முடிவை அறிந்தவர்கள் புலிகளாக இருந்தவர்களே. அவர்களிற் பலர் இன்று இல்லை. உயிருடன் இருப்பவர்கள் பேச அஞ்சுகிறார்கள். பேசினால் வழக்கு வரலாம், விசாரணை வரலாம். அதேபோல் வன்னியில் வீழ்ந்தவர்களின் முடிவை அறிந்தவர்கள் இராணுவ முகாம்களில் இருந்தவர்கள். அவர்களும் வாய் திறப்பதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கு இரு தரப்புக் குடும்பங்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சாட்சி சொல்பவருக்கு அச்சமின்மையை வழங்காதவரை அந்த அலுவலகத்தில் கோப்புகள் மட்டுமே பெருகும்.

இவ்வாறான நினைவுகூரல் வீரவழிபாடாகிவிடும், அடுத்த போருக்கு வித்திடும் என்று தெற்கில் சிலர் சொல்வார்கள். எதிரியின் விமானிக்காகவும் நாம் ஏன் இரங்க வேண்டும் என்று நம்மவரிற் சிலர் கேட்பார்கள். இருவருக்கும் என் பதில் ஒன்றே. மேடையில் நின்று விமானியைத் தெய்வமாக்குவது வேறு. வீட்டில் அவருடைய படத்துக்குக் கீழே ஒரு விளக்கேற்றுவது வேறு. முதலாவதைப்பற்றி வாதிடலாம். இரண்டாவதைத் தடுக்க எந்த அரசுக்கும் எந்த இயக்கத்துக்கும் உரிமையில்லை. தடுக்கப்படும் நினைவே வழிபாடாக மாறுகிறது. மறைக்கப்படும் முடிவே வதந்தியாக வளர்கிறது. “அவர் இறக்கவில்லை, எங்கோ இருக்கிறார்” என்று ஒரு மகள் முப்பது வயதிலும் நம்பிக்கொண்டிருப்பதற்குக் காரணம், யாரோ ஒருவர் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு வாக்கியமாக இருக்கலாம்.

அன்றிரவு வீழ்ந்த விமானிகளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்பதை நான் விசாரித்ததில்லை. விசாரித்திருக்க வேண்டும். இப்பத்தியை வாசிப்பவர்களில், அன்றோ வேறொரு நாளிலோ, எந்தத் தரப்பைச் சேர்ந்த விமானியினதும் வீரனினதும் முடிவை நேரிற் கண்டவர் எவரேனும் இருந்தால், அதை எழுதி வையுங்கள். இன்று வெளியிட இயலாவிட்டாலும் திகதியிட்டு, இடத்தைக் குறித்து வையுங்கள். என்றோ ஒருநாள் ஒரு மகனோ மகளோ அதைத் தேடி வருவார்.